யாரையும் திருப்பி அனுப்பாத கல்லூரி

அமெரிக்காவின் இரண்டு வருஷக் கல்லூரிகள்: வாசல் அகலம், வழி கடினம்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழும். "இனி மேலே என்ன?" என்பதுதான் அது. நிறைய மார்க் வாங்கிய பிள்ளைக்குப் பெரிய கல்லூரிகள் காத்திருக்கின்றன. பணம் உள்ள வீட்டுப் பிள்ளை பட்டணத்து விடுதியில் தங்கிப் படிக்கலாம். மார்க்கும் குறைவு, பணமும் குறைவு என்றால் அந்தப் பிள்ளை எங்கே போவது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு விடை சொல்லி வருகிறது. அந்த விடைக்குப் பெயர் சமுதாயக் கல்லூரி. அங்கே அதை 'கம்யூனிட்டி காலேஜ்' என்கிறார்கள்.

இது பொதுமக்களின் வரிப் பணத்தில் நடக்கும் கல்லூரி. படிப்பு இரண்டு வருஷம். பள்ளியை முடித்தவர் யாரும் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது, சிபாரிசும் வேண்டியதில்லை. தொழிற் படிப்பும் உண்டு, கலைப் படிப்பும் உண்டு. நம் ஊர்ப் பாலிடெக்னிக்கையும், கலைக் கல்லூரியின் முதல் இரண்டு வருஷத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் இந்தக் கல்லூரி.

அமெரிக்கா முழுவதும் இப்படிச் சுமார் ஆயிரம் கல்லூரிகள் உள்ளன. இவற்றின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே போனவர்கள் எல்லோரும் படிப்பை முடித்து வெளியே வருகிறார்களா? அமெரிக்காவில் இன்று கல்வி நிபுணர்கள் கேட்கும் பெரிய கேள்வி இதுதான்.

ஆறு பேருடன் ஆரம்பம்

1901-ம் ஆண்டு. சிகாகோ நகருக்கு அருகே ஜோலியட் என்று ஓர் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியை நடத்தி வந்தவர் ஜே. ஸ்டான்லி பிரவுன். சிகாகோ பல்கலைக் கழகத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். இருவரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள்.

பட்டப் படிப்பு நாலு வருஷம். அதில் முதல் இரண்டு வருஷப் பாடத்தைச் சொந்த ஊரிலேயே நடத்தினால் என்ன? பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே படிப்பார்கள். பிறகு பல்கலைக் கழகத்துக்குப் போய் மீதி இரண்டு வருஷத்தை முடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கும் செலவு மிச்சம்.

பள்ளிக்கூடத்திலேயே வகுப்பு ஆரம்பமாயிற்று. சேர்ந்த மாணவர்கள் ஆறு பேர். அந்த ஜோலியட் ஜூனியர் காலேஜ் இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் பொதுப் பணத்தில் நடக்கும் இரண்டு வருஷக் கல்லூரிகளில் அதுவே மூத்தது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் இந்த யோசனைக்குப் புது வேகம் பிறந்தது. யுத்தத்திலிருந்து திரும்பிய லட்சக் கணக்கான சிப்பாய்கள் 1944-ம் ஆண்டுச் சட்டத்தின்படி சர்க்கார் செலவில் படிக்க வந்தார்கள். 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. ஊருக்கு ஊர் இத்தகைய கல்லூரிகள் வேண்டும் என்று அது கூறிற்று. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவியதும் அந்த அறிக்கையால்தான்.

1960-ல் கலிபோர்னியா ராஜ்யம் ஒரு பெரிய திட்டம் வகுத்தது. பள்ளியில் மிக உயர்ந்த எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்குக் கலிபோர்னியா பல்கலைக் கழகம். மேல் வரிசை மூன்றில் ஒரு பங்கினருக்கு ராஜ்யக் கல்லூரிகள். மற்ற எல்லோருக்கும் இரண்டு வருஷக் கல்லூரி. அதில் படித்துத் தேறியவர்கள் பிறகு பெரிய கல்லூரிக்கு மாறலாம். இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் சுமார் 20 லட்சம் பேர்.

மலை நடுவே ஒரு கல்லூரி

அந்த 116-ல் ஒன்று 'பெதர் ரிவர்' கல்லூரி. 'இறகு ஆறு' என்று பொருள். மிகச் சிறிய கல்லூரி அது. கலிபோர்னியாவின் வடகிழக்கே, சியரா நெவாடா மலைத் தொடரில், குயின்சி என்ற சிற்றூரில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,400 அடி உயரம். சுற்றிலும் பைன் மரக் காடு.

குயின்சி இருக்கும் பகுதிக்கு பிளூமாஸ் ஜில்லா என்று பெயர். பரப்பு 2,500 சதுர மைலுக்கு மேல். 2020-ம் ஆண்டு ஜனத் தொகைக் கணக்குப்படி அங்கே வாழ்ந்தவர்கள் 19,790 பேர்தான். பக்கத்து நகரமான ரீனோவுக்குப் போக வேண்டுமானால் மலைப் பாதையில் சுமார் 80 மைல். இத்தகைய இடத்தில் கல்லூரி இல்லாவிட்டால், படிக்க ஆசைப்படும் பிள்ளை ஊரை விட்டே போக வேண்டும். போக முடியாத பிள்ளை படிப்பையே விட வேண்டும். அதனால்தான் 1968-ல் அங்கே கல்லூரி ஏற்பட்டது.

அங்கே என்ன படிக்கலாம்? பட்டணத்துக் கல்லூரியில் காணாத படிப்புகள் சில உண்டு. குதிரை வளர்ப்பும் பண்ணை நிர்வாகமும் ஒரு பாடம். மாணவர்கள் குதிரைகளைப் பழக்குகிறார்கள். பழக்கிய குதிரைகளை வருஷந்தோறும் ஏலத்தில் விற்கிறார்கள். கல்லூரியிலேயே ஒரு மீன் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. மலை ஆறுகளில் வாழும் மீனை மாணவர்களே அங்கே வளர்க்கிறார்கள். காட்டிலும் மலையிலும் பிரயாணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டி வேலைக்கும் படிப்பு உண்டு.

நர்ஸ் வேலை, குழந்தைகள் பள்ளி ஆசிரியர் வேலை, சமையற் கலை ஆகியவற்றுக்கும் வகுப்புகள் நடக்கின்றன. பட்டப் படிப்புக்குப் போக விரும்புவோருக்கு கணிதம், விஞ்ஞானம், இலக்கியம் எல்லாம் உண்டு. ஜெயிலில் இருப்பவர்களுக்குக் கூட இக்கல்லூரி தபால் மூலம் பாடம் நடத்துகிறது. பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் விடுதி கிடையாது. இங்கே உண்டு. கால்பந்து, பேஸ்பால் கோஷ்டிகளும் உண்டு. முரட்டுக் குதிரை ஏறும் 'ரோடியோ' விளையாட்டுக்கும் தனிக் கோஷ்டி உண்டு.

ஊருக்கு எது பிழைப்போ அதையே கல்லூரி பாடமாக்குகிறது. சமுதாயக் கல்லூரி என்ற பெயருக்கு இதுதான் அர்த்தம்.

காடு எரிந்தது

2021-ம் ஆண்டு ஜூலை மாதம் பிளூமாஸ் ஜில்லாவுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. பெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தீப்பிடித்தது. 'டிக்ஸி தீ' என்று அதற்குப் பெயர். மூன்று மாதத்துக்கு மேல் எரிந்த அந்தத் தீ 9 லட்சத்து 63 ஆயிரம் ஏக்கரைச் சுட்டது. ஆகஸ்டு 4-ந் தேதி கிரீன்வில் என்ற பழைய ஊர் பெரும் பகுதி சாம்பலாயிற்று. அது குயின்சிக்கு வடக்கே, அதே ஜில்லாவில் உள்ள ஊர்.

தீ ஏன் இவ்வளவு பெரிதாயிற்று? நிபுணர்கள் பல காரணம் சொல்கிறார்கள். வெப்பமும் வறட்சியும் கூடிவிட்டன. இன்னொரு காரணம், நூறு வருஷமாகக் காட்டில் எந்தத் தீயையும் எரியவிடாமல் அணைத்து வந்தது. பழைய நாளில் அந்த மலையின் ஆதிக் குடிகளான மைடு மக்கள், குளிர்ந்த காலத்தில் சிறு தீ வைத்துச் சருகையும் புதரையும் எரித்து விடுவார்கள். பெரிய மரங்கள் தப்பும். அந்த வழக்கம் தடுக்கப்பட்டது. சருகு குவிந்தது. ஒரு பொறி விழுந்ததும் காடே பற்றிக் கொண்டது.

ஆகவே காட்டுக்குத் தேவை தீயை அணைப்பவர் மட்டுமல்ல. எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு தீ வைக்கலாம் என்று கணக்குத் தெரிந்தவரும் தேவை. எரிந்த காட்டைத் திரும்ப வளர்க்கத் தெரிந்தவரும் தேவை. இந்த வேலைக்கே ஒரு நாலு வருஷப் பட்டப் படிப்பைத் தொடங்க பெதர் ரிவர் கல்லூரி அனுமதி கேட்டது.

இரண்டு வருஷக் கல்லூரி நாலு வருஷப் பட்டம் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்று கலிபோர்னியா 2014-ல் ஒரு சட்டம் செய்தது. முதலில் பரீட்சார்த்தமாக 15 கல்லூரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. குதிரை, பண்ணை நிர்வாகப் பட்டத்துடன் பெதர் ரிவர் கல்லூரியும் அவற்றில் ஒன்றாயிற்று. 2021-ல் இன்னொரு சட்டம் இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கியது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ராஜ்யத்தின் பெரிய பல்கலைக் கழகங்கள் நடத்தும் அதே படிப்பைச் சமுதாயக் கல்லூரி நடத்தக் கூடாது.

இங்கேதான் சச்சரவு எழுந்தது. ராஜ்யப் பல்கலைக் கழகத்தார் ஆட்சேபம் தெரிவித்தார்கள். வடகோடிக் கடற்கரையில் உள்ள தங்கள் ஹம்போல்ட் பல்கலைக் கழகத்திலும் தீயைப் பற்றிய பட்டப் படிப்பு உண்டு என்றார்கள். ஒரே படிப்பு இரண்டு இடத்தில் எதற்கு என்பது அவர்கள் வாதம். பொதுப் பணம் வீணாகக் கூடாது என்ற கவலையில் நியாயம் உண்டு.

ஆனால் குயின்சியிலிருந்து ஹம்போல்டுக்குப் போக மலை கடந்து பல மணி நேரம் ஆகும். குடும்பமும் வேலையும் உள்ள ஒருவர் அங்கே போய்த் தங்கிப் படிப்பது எப்படி? எரிந்த காட்டைக் காக்கப் போகிறவர் அந்தக் காட்டிலேயே வாழ்கிறவராக இருந்தால் நல்லதல்லவா? 2023-ல் சமுதாயக் கல்லூரிகளின் மேலிடம் அனுமதி அளித்துவிட்டது. எது இரட்டிப்பு, எது இல்லை என்ற விவாதம் மற்றக் கல்லூரிகளின் விஷயத்திலும் நடந்து வருகிறது.

செலவு எவ்வளவு?

கலிபோர்னியாவில் படிப்பை 'யூனிட்' என்று அளக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தால் அது ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு யூனிட்டுக்குச் சம்பளம் 46 டாலர். இரண்டு வருஷப் படிப்புக்கு 60 யூனிட். ஆக மொத்தம் 2,760 டாலர். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவும் தள்ளுபடி ஆகிறது. சமுதாயக் கல்லூரியிலேயே நாலு வருஷப் பட்டம் வரை போனால் மொத்தச் சம்பளம் 10,560 டாலர்.

இது அந்த ராஜ்யத்தில் குடியிருப்பவர்களுக்கு உள்ள கணக்கு. வெளிநாட்டிலிருந்து போகும் மாணவர்கள் பல மடங்கு அதிகம் கட்ட வேண்டும்.

நாடு முழுவதற்கும் சராசரி பார்த்தால், 2024-25-ல் இரண்டு வருஷப் பொதுக் கல்லூரியில் வருஷச் சம்பளம் 4,050 டாலர். நாலு வருஷப் பொதுக் கல்லூரியில் அதே ஆண்டில் 11,610 டாலர். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

ஏழை மாணவர்களுக்கு மத்திய சர்க்கார் 'பெல்' உபகாரச் சம்பளம் தருகிறது. 2024-25-ல் அதன் உச்ச வரம்பு 7,395 டாலர். இது கடன் அல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரியிலேயே பகுதி நேர வேலை கொடுத்துச் சம்பளம் தரும் திட்டமும் உண்டு.

டென்னஸி ராஜ்யம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2014-ல் அது ஒரு சட்டம் செய்தது. பள்ளி முடித்த யாருக்கும், மற்ற உதவிகள் போக மீதிச் சம்பளத்தை ராஜ்யமே கட்டிவிடும். மாணவர் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு பருவத்துக்கும் 8 மணி நேரம் ஊருக்கு ஏதாவது சேவை. அதற்குப் பிறகு வேறு பல ராஜ்யங்களும் இந்த வழியைப் பின்பற்றின.

கரை சேர்ந்தவர் எத்தனை பேர்?

கதவு திறந்திருக்கிறது. சம்பளமும் குறைவு. பிறகு என்ன குறை?

சமுதாயக் கல்லூரியில் சேரும்போது நூற்றுக்கு 80 பேர், "நாங்கள் நாலு வருஷப் பட்டம் வாங்கப் போகிறோம்" என்கிறார்கள். ஆனால் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான் பெரிய கல்லூரிக்கு மாறுகிறார்கள். ஆறு வருஷத்தில் பட்டம் வாங்கியவர்களை எண்ணினால் நூற்றுக்குச் சுமார் 16 பேர். தேசிய மாணவர் கணக்கு வைக்கும் ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட விவரம் இது.

மாணவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. பலர் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறார்கள். சிலர் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே படிக்கிறார்கள். கல்லூரிச் சம்பளம் குறைந்தாலும் வீட்டு வாடகை குறையவில்லை. கார் பழுதானால் வகுப்பு போயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பரீட்சை போயிற்று. ஒரு பருவம் நின்றவர் திரும்பி வருவது கடினம்.

கல்லூரிகளின் ஏற்பாட்டிலும் குறை இருந்தது. முன்பெல்லாம் புது மாணவருக்கு ஒரு சோதனை வைப்பார்கள். கணக்கில் குறைந்தவரைப் பள்ளிப் பாடத்தையே திரும்பப் படிக்கச் சொல்வார்கள். அதற்குப் பட்டக் கணக்கில் யூனிட் சேராது. ஒரு பருவம், இரண்டு பருவம் என்று அதிலேயே கிடந்து, அலுத்துப் போய் நின்றவர்கள் ஏராளம். கலிபோர்னியா 2017-ல் சட்டம் செய்து இதை மாற்றியது. இப்போது பெரும்பாலோர் நேராகக் கல்லூரிப் பாடத்திலேயே சேர்கிறார்கள். வேண்டியவர்களுக்குப் பக்கத் துணையாகத் தனிப் பயிற்சி தருகிறார்கள்.

இன்னொரு குறை, மாறும்போது யூனிட்டுகள் வீணாவது. இரண்டு வருஷம் படித்ததைப் பெரிய கல்லூரி ஒப்புக்கொள்ளாமல், "இந்தப் பாடம் எங்கள் கணக்கில் சேராது" என்று சொல்லிவிடும். படித்ததையே திரும்பப் படிக்க வேண்டும். இதைத் தடுக்க 2010-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி குறிப்பிட்ட பாடங்களை முடித்துச் சான்று பெற்றவருக்கு ராஜ்யப் பல்கலைக் கழகத்தில் எங்காவது ஓர் இடம் நிச்சயம். அவர் விரும்பும் ஊரிலேயே கிடைக்கும் என்பது மட்டும் நிச்சயமில்லை.

நியூயார்க் காட்டிய வழி

நியூயார்க் நகரப் பல்கலைக் கழகம் 2007-ல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு சோதனை செய்தது. 'ஏஸாப்' என்று அதைச் சொல்கிறார்கள். அதில் சேரும் மாணவர் முழு நேரம் படிக்க வேண்டும். அதற்கு ஈடாக, உதவிச் சம்பளம் போக மீதிக் கட்டணம் தள்ளுபடி. பாடப் புத்தகம் இலவசம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாஸ் இலவசம்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஆலோசகர். சாதாரணமாக ஓர் ஆலோசகருக்கு 600 மாணவர்களுக்கு மேல் இருப்பார்கள். யார் பெயரும் அவருக்குத் தெரியாது. ஏஸாப் திட்டத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான். அவரை அடிக்கடி சந்தித்தே ஆக வேண்டும். வகுப்புக்கு வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

பலன் என்ன? குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் படிப்பை முடித்தவர்கள், திட்டத்தில் இருந்த கூட்டத்தில் நூற்றுக்கு 40 பேர். மற்றக் கூட்டத்தில் நூற்றுக்கு 22 பேர். ஓஹையோ ராஜ்யத்தில் மூன்று கல்லூரிகளில் இதே முறையைச் செய்தார்கள். அங்கே 35-க்கு 19. ஒரு மாணவருக்கு ஆகும் செலவு அதிகம்தான். ஆனால் நியூயார்க்கில், படிப்பை முடித்து வரும் ஒருவருக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்தபோது குறைந்தே இருந்தது.

கலிபோர்னியாவிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஏழை மாணவர்களுக்குத் தனி ஆலோசனையும் புத்தக உதவியும் தரும் திட்டம் அங்கே 1969 முதல் நடக்கிறது.

சிறு கல்லூரிக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. பெரிய கட்டடம் இல்லை, பெரிய லைப்ரரி இல்லை, பாடங்களும் கொஞ்சம்தான். ஆனால் சிற்றூரில் ஒருவரை ஒருவர் தெரியும். மாணவர் யார், அவர் எந்த ஊர், ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்று வாத்தியார் அறிந்துகொள்வது எளிது. நியூயார்க் போன்ற மாநகரம் பணம் செலவழித்து ஏற்படுத்த வேண்டியிருந்த அறிமுகம் சிற்றூரில் பாதி தானாகவே கிடைக்கிறது.

ஆனால் அது மட்டும் போதாது. பிளூமாஸ் போன்ற இடங்களில் ஜனங்கள் குறைகிறார்கள். தீயில் வீடு இழந்தவர்கள் பலர் ஊர் திரும்பவில்லை. மாணவர்கள் குறைந்தால் ராஜ்யத்திலிருந்து வரும் பணமும் குறையும் அபாயம் உண்டு. பணம் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது ஆலோசகர், தனிப் பயிற்சி ஆகியவற்றின் மேல்தான். அதாவது, மாணவரைக் கரை சேர்க்கும் துடுப்பின் மேல்.

கல்லூரியின் கதவைத் திறந்து வைக்க ஒரு சட்டம் போதும். சம்பளத்தைக் குறைக்க வரிப் பணம் போதும். சேர்ந்த பிள்ளை நடுவழியில் நிற்காமல் பார்த்துக்கொள்ள, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓர் ஆள் வேண்டும். 1901-ல் ஜோலியட்டில் மாணவர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவர் வராவிட்டால் வாத்தியாருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். லட்சக் கணக்கானவர்கள் படிக்கும் இன்றைக்கும் அந்தக் கவனத்தைக் கொடுக்க முடியும் என்று நியூயார்க்கும் ஓஹையோவும் காட்டிவிட்டன. அதற்குப் பணம் ஒதுக்க மனம் உண்டா என்பதே இனி ஒவ்வொரு ராஜ்யமும் சொல்ல வேண்டிய பதில்.